சிலுவை டிரைவர் கேட்ட மணி

மே மாதம் பதினொன்றாம் தேதி, காலை பத்தரை மணி. மாலத்தீவில் வெங்காயமும் செங்கல்லும் இறக்கிவிட்டுத் திரும்பிய ‘சந்தனமாரி’, தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நேரே போய்க் கரைச் சுவரில் முட்டியது. முந்நூறு டன் ஏற்றும் மரத்தோணி. காலியாக வந்ததால் பிழைத்தது. மூக்குப் பலகை இரண்டு பிளந்தன. தோணியிலிருந்து எறியும் கயிற்றைப் பிடிப்பதற்காகக் கரையில் நின்ற அய்யாக்குட்டி, ஐம்பது வயதில் ஒரு மனிதன் பின்பக்கமாக எவ்வளவு தூரம் குதிக்க முடியும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் காட்டினார்.

தோணியின் கேப்டனைத் தண்டல் என்பார்கள். தண்டல் செல்வின் எஞ்சின் அறைத் துவாரத்தில் குனிந்து கத்தினான்.

“மாமா, மூணு அடிச்சேன் மாமா! ரெண்டு வாட்டி மூணு மூணா அடிச்சேன்!”

கையில் எண்ணெய்த் துணியோடு ஏணியில் ஏறி வந்தார் சிலுவை டிரைவர். வயது அறுபத்திரண்டு.

“எப்பம்லே அடிச்ச? நான் கீழதான நிக்கேன்?”

செல்வின் நிமிர்ந்தான். மணிக்கயிறு இன்னும் அவன் கையில் இருந்தது.

தண்டல் மேலே சுக்கான் பிடித்து நிற்பார்; டிரைவர் கீழே எஞ்சினோடு நிற்பார். தண்டலுக்கு எஞ்சின் தெரியாது, டிரைவருக்குக் கடல் தெரியாது. இருவருக்கும் நடுவில் தளத்தைத் துளைத்து இறங்கும் ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு வெண்கல மணி. ஒன்று அடித்தால் முன்னே போ. இரண்டு அடித்தால் நிறுத்து. மூன்று அடித்தால் பின்னே போ. அவ்வளவுதான் பேச்சு. வாக்கி டாக்கி வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த இரைச்சலில் அது பேசினாலும் ஒன்று, பேசாவிட்டாலும் ஒன்று. முப்பத்தெட்டு வருடமாகச் சிலுவை அந்த மணிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அன்றைக்கு இரண்டு முறை தவறினார்.

தோணியின் உரிமையாளர் பாண்டியராஜன் அண்ணாச்சி அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். மார்க்கெட்டில் மொத்த வெங்காயக் கடை வைத்திருப்பவர். பிளந்த பலகையைத் தடவிப் பார்த்தார். சிலுவையைப் பார்க்காமல் பலகையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

“காது கேக்காத ஆள வச்சுக்கிட்டு நான் எப்படிவே தோணி விட? அடுத்த சீசனுக்கு வேற டிரைவரப் பாத்துக்கிடுதேன். ஒமக்கும் வயசாயிட்டு. வீட்டம்மாவும் போயிட்டாவ. பேசாம வீட்ல இரும்.”

“அவ போனதுக்கும் பலக ஒடஞ்சதுக்கும் என்னவே சம்பந்தம்?”

“கோவத்த வுடும். நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

“செப்டம்பர்ல சீசன் தொடங்குதுல்லா? தோணியக் கட்டிப் போட்டு, எஞ்சினப் போட்டு, இருவது வாட்டி மணி அடியும். ஒண்ண விட்டாலும் நானே பைய எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிருதேன். இருவதும் புடிச்சேன்னா அந்த எஞ்சின எவனும் தொடக்கூடாது. சரியா?”

அண்ணாச்சி அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். “சரிவே,” என்றார்.

மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை கடல் கெட்டிருக்கும், தோணிகள் போகாது. சிலுவையிடம் நான்கு மாதம் இருந்தது.

அந்த இருபது பேரிடமும் அவர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. மணி கேட்கவில்லை என்பது நிஜம். காதில் ஒன்றுமே கேட்கவில்லை என்பது பொய். பதினோரு வருடமாக அவர் காதுக்குள் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய டிவிப் பெட்டியில் ஒலியைச் சுத்தமாகக் குறைத்தாலும் மெல்லிசாக ஒரு ‘கீ’ மிச்சம் இருக்குமே, அதுபோல. பூசையில் இருந்தாலும் சரி, சாப்பிடும்போதும் சரி, நிற்காது. மனைவி விஜிலாவுக்கு மட்டும் தெரியும். அவள் அதற்கு ஒரு வைத்தியமும் வைத்திருந்தாள். பேசுவாள். மீன் விலையிலிருந்து பங்குச்சாமியார் பிரசங்கத்தில் விட்ட பிழை வரைக்கும், இவர் தூங்கும்வரை பேசுவாள். ‘கீ’ அவள் பேச்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிப்ரவரியில் அவள் இறந்தாள். பேச்சு நின்றது. அது எழுந்து உட்கார்ந்துகொண்டது.

மகள் ஸ்டெபிக்கு முப்பத்தொரு வயது. அனல்மின் நிலையம் ஒன்றில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் வேலை. பேரிங் கெடுவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஓசையின் படத்தைப் பார்த்துக் கெடப்போகிறது என்று சொல்லுவாள். தோணி முட்டிய செய்தி வாட்சப்பில்தான் அவளுக்கு வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

“எத்தன வருசமா?”

“என்னத்த?”

“அப்பா, நான் மெஷின் கெட்டுப் போறதக் கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்குதேன். எத்தன வருசமா?”

“பதினொண்ணு.”

“அம்மாக்குத் தெரியுமா?”

“அவதான் மருந்து.”

ஸ்டெபி உள்ளே போய்ச் சாயா போட்டாள். இரண்டு பேரும் குடித்தார்கள். மறுநாள் பாளையங்கோட்டைக்கு வண்டி ஏறினார்கள்.

அங்கே ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்யும் ஷீஜா சின்னப் பெண். கண்ணாடி வைத்த அறைக்குள் சிலுவையை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். முடிந்ததும் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடு இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் சுமாராக வந்து, நாலாயிரத்தில் கிணற்றில் விழுந்த வாளிபோல இறங்கிக் கிடந்தது.

“பெரிய இரைச்சல்ல வேல பாத்தவங்களுக்கு இப்படித்தான் வரும் ஐயா. காதுமூடி போட்டதே இல்லையா?”

“போட்டா மணி கேக்காதுல்லா.”

ஷீஜா ஸ்டெபியைப் பார்த்தாள். ஸ்டெபி திரையைப் பார்த்தாள். மணி கேட்க வேண்டுமென்றே முப்பத்தெட்டு வருடம் காதைத் திறந்து வைத்திருந்தார். அதனால்தான் மணி கேட்காமல் போனது. யாரும் சொல்லாமலே சிலுவைக்கும் அது புரிந்தது. “சரி, மேல சொல்லு தாயி,” என்றார்.

அடுத்து, காதுக்குள் ஓடும் சத்தம் எது என்று கண்டுபிடிக்கும் சோதனை. ஷீஜா ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கவிட்டாள். இதுவா? இல்ல, இன்னும் கூரா இருக்கும். இதுவா? இது கூடிப் போச்சு. நாலாயிரத்து இருநூறில் சிலுவை நாற்காலியில் நிமிர்ந்தார்.

“அதான்! அந்தப் பயதான்!”

பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவன் வெளியே வந்து நின்றிருக்கிறான். சிலுவை சிரித்துவிட்டார். ஸ்டெபி ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தாள். பத்து வினாடி. கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

இதற்கு மாத்திரை கிடையாது என்றாள் ஷீஜா. மூளை அந்தச் சத்தத்தையே உற்றுக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. அதை மூளை பொருட்படுத்தாமல் விடும்படி பழக்க வேண்டும். அதற்கு ஒலிச் சிகிச்சை என்று பெயர். சுற்றிலும் எப்போதும் மெல்லிய ஓர் ஓசை இருக்க வேண்டும். அந்தப் பயலை முழுக்க மூடிவிடக் கூடாது. அவனும் இதுவும் கலந்து கேட்கிற அளவில் வைக்க வேண்டும். தினமும் ஆறு மணி நேரம், பல மாதம்.

“போனான்னு ஆயிருமா?”

“போக மாட்டான் ஐயா. ஆனா வாசல்ல நிக்கறவன மாதிரி ஆயிருவான். நீங்க ஒங்க வேலையப் பாக்கலாம்.”

“நாலு மாசம் போதுமா?”

“சொல்ல முடியாது ஐயா.”

“நாலு மாசந்தான் இருக்கு,” என்றார் சிலுவை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெபி கைபேசியில் அதற்கான செயலியை இறக்கிக் கட்டில் பக்கத்தில் சிறிய ஸ்பீக்கரோடு வைத்தாள். மனதுக்கு அமைதி தரும் ஓசைகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. முதலில் கடல் அலை. நல்ல பெரிய அலை, விழுந்து நுரைத்துப் பின்வாங்கும் அலை. சிலுவை கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

“இது எந்த ஊரு கடல்ளா?”

“தெரியாதுப்பா. வெளிநாடா இருக்கும்.”

“கச்சான் காத்து முழு மூச்சா அடிக்கு. இந்தக் கடல்ல தோணி நிக்காது. நங்கூரம் இழுத்துக்கிட்டு வந்துரும். இதப் போட்டா மனுசன் தூங்குவானா?”

தூத்துக்குடிக் கரையில் அலை அடிக்காது. முன்னால் தீவுகள் கிடக்கின்றன, அவை வாங்கிக்கொள்ளும். இங்கே அலைச் சத்தம் என்றால் வெளிக்கடல், வெளிக்கடலில் கெட்ட நேரம். ஸ்டெபி அடுத்ததைப் போட்டாள். மழை.

“ஏளா, சரக்கு நனையும்.”

“என்ன சரக்கு? வீட்ல இருக்கோம்ப்பா.”

“தார்ப்பாய மூடாம மழச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு எவன் படுத்துக் கெடப்பான்?”

அடுத்தது ஓடை. கற்களுக்கு நடுவே சலசலவென்று தண்ணீர் ஓடியது. இதில் சிலுவை படுக்கவே இல்லை. நின்றபடி கேட்டுவிட்டுத் தோணியில் ஓட்டை விழுந்திருக்கிறது, பம்பைப் போடு என்றார். பறவைகள் பரவாயில்லை, ஆனால் பறவைச் சத்தம் கேட்டால் கரை நெருங்கிவிட்டது என்று பொருள், மேலே போய்ப் பார்க்க வேண்டும். காடு, இடி, தவளை எல்லாம் ஓடித் தீர்ந்தன. அமைதி தரும் ஓசைகள் முப்பத்திரண்டில் முப்பத்திரண்டும் சிலுவைக்கு வேலை வைத்தன.

ஸ்டெபி கைபேசியில் வேறு எதையோ தேடிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எங்கிட்ட நூத்துச் சொச்சம் இருக்கு. எல்லாத்தையும் கோத்து ஓட விட்டா?”

“வேண்டாம்.”

“மெதுவாத்தான்.”

“அவ பேசினா நான் பதில் சொல்லணும். தூங்க முடியாது.” கொஞ்சம் பொறுத்து, “அவள மருந்தாக்காத பிள்ள. ஏற்கெனவே நான் ஆக்கினது போதும்,” என்றார்.

கடைசியில் ஓசைகளுக்குக் கீழே, படம் எதுவும் இல்லாமல், வெறும் இரைச்சல் என்று ஒன்று இருந்தது. ‘உஸ்’ என்று ஒரே சீராகப் போகும். ஸ்டெபி சலிப்போடுதான் அதை அழுத்தினாள். சிலுவை தலையைச் சாய்த்தார்.

“இது பம்ப் ஸ்டவ்வுல்லா!”

தோணியில் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் சமைத்த காலம் உண்டு. எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டபின் மேலே ஸ்டவ் எரியும் சத்தம் கேட்டால், வேலை முடிந்தது, சோறு வருகிறது என்று பொருள். சிலுவைக்குத் தெரிந்தவரை, ஒரு மனிதனை எதுவும் செய்யச் சொல்லாத சத்தம் உலகத்தில் அது ஒன்றுதான்.

“ஆனா இது ஓட்ட அடச்ச ஸ்டவ்வு. சீறுது. நல்ல ஸ்டவ்வு இன்னும் தணிவா இருக்கும்.”

ஸ்டெபி அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடையில் ஒரு பித்தளை ஸ்டவ்வைப் பிடித்து, பின் போட்டுக் குத்தி, மொட்டைமாடியில் எரியவிட்டு இரண்டு மணி நேரம் பதிவு செய்தாள். பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்கா எட்டிப் பார்த்து, “ஏளா ஸ்டெபி, அடுப்பு எரியுது, ஒலையக் காணோம்?” என்றாள். “சத்தத்தச் சமைக்கோம்க்கா,” என்றாள் ஸ்டெபி. அம்மா இறந்தபின் அவள் முதல்முறையாகச் சொன்ன நகைச்சுவை அது. அதை அவளும் கவனித்தாள்.

ஜூன் முழுக்க ஸ்டவ் எரிந்தது. காலையில் காதில் மாட்டும் சிறு கருவியில், மத்தியானம் ஸ்பீக்கரில், படுக்கையில் தலைமாட்டில். ஸ்டெபி ஒரு நோட்டில் தினமும் கேட்டு எழுதினாள்: தொல்லை பத்துக்கு எத்தனை? முதல் வாரம் ஒன்பது. ஜூன் கடைசியில் ஏழு. ஜூலை நடுவில் ஆறு, ஒரு நாள் திரும்ப ஒன்பது. அன்றைக்கு விஜிலாவின் பிறந்தநாள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாலு. சிலுவை ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் தூங்கினார். பேப்பர் படித்தார். பிளாரன்ஸ் அக்காவிடம் சண்டை போட்டார். ஷீஜா போனில் கேட்டுவிட்டு, இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகிறவர்கள் குறைவு என்றாள்.

ஆகஸ்ட் பதினைந்து, விடுமுறை நாள். ஸ்டெபி செல்வினிடம் கேட்டுத் தோணியின் மணியை அடித்துப் பதிவு செய்துகொண்டு வந்தாள். எஞ்சின் ஓடும் ஓசையையும் தனியாக எடுத்திருந்தாள். வீட்டில் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு இருபது முறை சோதித்தாள்.

ஒன்பது.

மறுபடி செய்தாள். எட்டு.

சிலுவை ஸ்பீக்கரை அணைத்தார். “ஸ்டவ்வு பொய் சொல்லிட்டு,” என்றார்.

“ஸ்டவ் பொய் சொல்லலப்பா. அந்தப் பய தொல்லை குடுக்காம இருக்கத்தான் ஸ்டவ். போன காது போனதுதான். இத நான் மே மாசமே சொல்லியிருக்கணும். சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“நீங்க தூங்கணும்னு பாத்தேன்.”

அவளுக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்க மடிக்கணினியைத் திறந்து, ஓசைப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினாள். மணியின் கூர்மையான பகுதி நாலாயிரத்து நூறு. அப்பாவின் காதில் ஓடுவது நாலாயிரத்து இருநூறு. காது கிணற்றில் விழுந்திருப்பதும் அதே இடம். எஞ்சின் இரைச்சல் முழுக்கக் கீழே, எண்ணூறுக்குள் குவிந்து கிடந்தது.

சிலுவை விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எஞ்சின் படத்தில் வரிசையாக எழுந்து நின்ற கோடுகளைப் பார்த்து, இது நாலாவது சிலிண்டர், வால்வு லூஸ் என்றார். பிறகு கேட்டார்.

“இங்கன நடுவுல என்ன இருக்கு? ஆயிரத்தி ஐநூறு, ரெண்டாயிரம்?”

“ஒண்ணும் இல்ல. எஞ்சின் அங்க வராது. ஒங்க காதும் அங்க நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப மணிய அங்கன வையி.”

ஸ்டெபி நிமிர்ந்தாள்.

“என்ன பாக்க? அந்த வெண்கலத்துக்கும் இந்தப் பயலுக்கும் ஒரே கொரலு. அதுக்கு நான் ஏன் மாறணும்? மூணு மாசம் நான் மாறியாச்சு. இனி மணி மாறட்டும்.”

விளக்கு வைக்கலாமே என்றாள் ஸ்டெபி. எரிந்து அணைந்து சைகை காட்டும் விளக்கு. முடியாது என்றார். கரை அணையும்போது டிரைவரின் கண் கியரிலும் ஆயில் மீட்டரிலும் இருக்கும். கண்ணுக்கு வேலை இருக்கிறது. சும்மா இருப்பது காது மட்டும்தான்.

மூன்று நாள் அவர்கள் தூத்துக்குடியில் அடிக்கக் கூடிய எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தார்கள். பாத்திரக் கடை வெண்கலம் எல்லாம் கீச்சென்று மேலே போனது. பள்ளிக்கூடத் தண்டவாளத் துண்டு நல்ல குரல்தான்; ஆனால் அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். நாலாவது நாள் சுடலைக்கண்ணனின் இரும்புக் கடை. உள்ளே ஒருவன் தகட்டை அறுத்துக்கொண்டிருந்தான். வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. சாதாரண ஆள் அறுப்பதை நிறுத்தச் சொல்லியிருப்பான். சிலுவை நிறுத்த வேண்டாம் என்றார். கையில் ஒரு ஸ்பேனரோடு குவியல் குவியலாகத் தட்டிக்கொண்டே போனார். ஓரமாகக் கிடந்த ஆக்சிஜன் சிலிண்டரின் மேல்பாதியில், அறுத்து எடுத்த கவிழ்ந்த கிண்ணம் போன்ற துண்டில், ஸ்பேனர் பட்டது.

நின்றார். திரும்பவும் தட்டினார்.

“ஏளா! இது கேக்கு!”

ஸ்டெபி கைபேசியைப் பக்கத்தில் பிடித்தாள். ஆயிரத்து ஐநூற்று எண்பது.

“என்ன அண்ணாச்சி, கோயில் கட்டுதீயளா?” என்றார் சுடலைக்கண்ணன்.

“ஆமா. நாந்தான் சாமி.”

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது ஸ்டெபி ஒரு பெட்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆலையில் போடும் காதுமூடி. சிலுவை கையால் தள்ளினார். அவள் திரும்ப நகர்த்தினாள். மூடினால் இரைச்சலும் குறையும், மணியும் குறையும். ஆனால் எது பெரியது, எது சிறியது என்ற கணக்கு மாறாது என்றாள். இத்தனை வருடமும் சிலுவைக்கு அது தெரியவில்லை.

“போட்டு இருவது புடிச்சாத்தான் நான் தோணிக்கு அனுப்புவேன். அண்ணாச்சி கண்டிஷன் ஒண்ணு, எங் கண்டிஷன் ஒண்ணு.”

“ஒங்கம்மா மாதிரியே பேசுத.”

“அவ இருந்தா இதவிட நெறையப் பேசியிருப்பா.”

செப்டம்பர் நாலாம் தேதி சிலுவை ஒரு கையில் சிலிண்டர் துண்டும் மறுகையில் காதுமூடியுமாகத் தோணியில் ஏறினார். பாண்டியராஜன் அண்ணாச்சி முன்கூட்டியே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புதுப் பலகைக்கு எண்ணெய் பூசியிருந்தது. மே மாதம் நின்ற கூட்டம் கூடியிருந்தது; அய்யாக்குட்டி இந்தமுறை பத்தடி தள்ளி நின்றார்.

“இது என்னவே?”

“மணி.”

“மணி அங்கனதான் தொங்குது. எங்கம்மா தோணி எறக்குன அன்னைக்குக் கட்டுனது. அதக் கழத்துனா வெளங்குமா? காதச் சரி பண்ணிட்டு வாரேன்னு போனீரு. மணிய மாத்திட்டு வந்து நிக்கீரு. இது கள்ளாட்டம்லா?”

“ஒங்கம்மா மணிய எவன் கழத்துதான்? அது முன்னால மூக்குல தொங்கட்டும். வெளக்கும் ஏத்தும். எனக்குக் கீழ இது. நீரு கண்ணாடி போட்டுல்லா சிட்ட எழுதுதீரு? கண்ணச் சரி பண்ணிட்டு வாரும், அப்பந்தான் வெங்காயம் தருவேன்னு எவனும் சொன்னானா?”

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றப் போனார், பாதியில் விட்டுவிட்டார்.

“அது என்ன மத்தக் கையில?”

“காது மூடி.”

“காத மூடிக்கிட்டா கேக்கப் போறீரு?”

“ஆமா.”

செல்வின் சிலிண்டர் துண்டைக் கீழே கட்டிக் கயிற்றை மேலே கொண்டுவந்தான். விதி எளிது. மேலே எத்தனை அடித்தால் கீழே சிலுவை ஸ்பேனரால் ஏணியில் அத்தனை தட்ட வேண்டும். எஞ்சினைக் கிளப்பினார்கள். தளம் நடுங்கியது. ஸ்டெபி கரையில் நின்றாள். வேலையிடத்தில் எத்தனையோ சோதனைகள் நடத்தியவள். அன்று கையில் ஒரு கருவியும் எடுத்து வரவில்லை.

மூன்று அடித்தான். கீழே மூன்று. ஒன்றுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு. பத்து ஆனது. பதினைந்து ஆனது. சிலுவைக்குக் கீழே ‘கீ’ கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவன் எங்கும் போகவில்லை. மேலே ஒரு மூலையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தான். பாடிக்கொள் என்று விட்டுவிட்டார். அவனுக்குக் கீழே, எஞ்சினுக்கு மேலே, நடுவில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தில் மணி வந்துகொண்டிருந்தது. பதினாறு.

பதினேழாவது அடித்தார்கள். கீழே சத்தமில்லை.

செல்வின் ஏணியைப் பார்த்தான். ஸ்டெபி நகத்தைக் கடித்தாள். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். “விட்டுட்டாருல்லா?” என்றார் மெதுவாக. வெற்றி பெற்றவர் போல அவர் குரல் இல்லை.

எஞ்சின் நின்றது. ஏணியில் காலடிச் சத்தம். காதுமூடியைக் கழுத்தில் தள்ளிக்கொண்டு, ஸ்பேனரோடு, சிலுவையின் தலை மேலே வந்தது. முகம் சிவந்திருந்தது.

“நாலு அடிச்சது எவம்லே?”

செல்வின் கயிற்றைக் கையிலிருந்து விட்டான்.

“ஒண்ணுக்கு முன்ன. ரெண்டுக்கு நிப்பாட்டு. மூணுக்குப் பின்ன. நாலுக்கு என்ன செய்யணும்? எஞ்சினக் கழத்தித் தோள்ல வைக்கவா? முப்பத்தெட்டு வருசத்துல நாலு அடிச்ச தண்டல நான் பாத்ததில்ல. ஏலே செல்வினு, ஒனக்கு எண்ணத் தெரியுமா தெரியாதா?”

“மாமா, நான் இல்ல. அண்ணாச்சிதான் நாலு வெரலக் காட்டினாவ.”

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் நான்கு விரலையும் மடியில் வைத்து மறைத்துக்கொண்டிருந்தார்.

“இல்லவே... ஏணி அதிர்றத வச்சு குத்துமதிப்பாத் தட்டுதீரோன்னு...” என்று இழுத்தார். பிறகு எழுந்து நின்றார். “எறங்கும். இன்னும் மூணு இருக்கு.”

“இன்னும் எதுக்கு?”

“இருவதுன்னு நீருதானவே சொன்னீரு?”

சிலுவை இறங்கினார். எஞ்சின் கிளம்பியது. மூன்றையும் தட்டிவிட்டு, யாரும் அடிக்காத இருபத்தோராவதாக, ஏணியில் ஒரு அடி ஓங்கி அடித்தார். அது யாருக்கு என்று அண்ணாச்சிக்குத் தெரியும்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி ‘சந்தனமாரி’ வெங்காயத்தோடு புறப்பட்டது. மூக்கில் அம்மாவின் வெண்கல மணி, கீழே சிலிண்டர் துண்டு. அந்தப் பயணத்திலேயே செல்வின் நாலு அடிக்கு ஒரு பொருள் கண்டுபிடித்தான். சாயா ஆகிவிட்டது, மேலே வா. அதன் பிறகு தினமும் இரண்டு வேளை நாலு அடித்தார்கள். சிலுவை முதல் நாள் திட்டிக்கொண்டே ஏறி வந்தார். இரண்டாம் நாள் திட்டவில்லை.

ஒரு சீசன் முழுக்க ஓடினார். அடுத்த சீசனில் மூன்று பயணம். உதவியாளாக வந்த கிருபை என்ற இளைஞனைக் காதுமூடி இல்லாமல் ஏணியில் கால் வைக்க விட்டதில்லை. ஒருநாள் மறந்து வந்தவனை வீடு வரைக்கும் திரும்ப நடக்கவிட்டு எடுத்துவரச் செய்தார்.

அந்த நவம்பர் ஒன்பதாம் தேதி, வீட்டில், மத்தியானத் தூக்கத்தில் சிலுவை இறந்தார். மாரடைப்பு. ஸ்டெபி வேலையிலிருந்து வந்தபோது தலைமாட்டில் ஸ்டவ் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பிளாரன்ஸ் அக்கா அதை நிறுத்தக் கையை நீட்டினாள். இருக்கட்டும் என்றாள் ஸ்டெபி. ஜெபம் முடியும்வரை அது எரிந்தது. பிறகு அவளே நிறுத்தினாள். நோட்டில் கடைசியாக எழுதியிருந்த எண் மூன்று.

அடக்கத்துக்குப் பிறகு எட்டாம் நாள் தோணி கிளம்ப வேண்டும். எஞ்சின் அறையில் அப்பாவின் பை இருப்பதாகச் செல்வின் சொன்னதால் ஸ்டெபி பழைய துறைமுகத்துக்குப் போனாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பையைக் கையில் கொடுத்துவிட்டு, “இரும்மா, சாயா குடிச்சிட்டுப் போ,” என்றான் செல்வின். பழக்கத்தில் கை கயிற்றுக்குப் போயிற்று. பாதி வழியில் அவனுக்கு ஞாபகம் வந்தது. கை நின்றது.

“அடிங்க அத்தான்,” என்றாள் ஸ்டெபி.

நாலு அடித்தான்.

கீழே எஞ்சின் தணிந்தது. ஏணி அதிர்ந்தது. காதுமூடி மாட்டிய ஒரு தலை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே வந்தது. கிருபை.

“சாயா எங்கண்ணே?” என்றான், காதில் மூடி இருப்பதால் ஊருக்கே கேட்கும்படி.